விவாகரத்து வழக்கும் கையிலுள்ள போனும்

"எங்களுக்கு ஒத்துவரவில்லை, இருவரும் பேசிப் பிரிகிறோம்" என்று சொல்லி இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துப் பெற முடியாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களை மட்டுமே ஏற்கிறது. திருமணத்துக்குப் பிறகு வேறொருவருடன் உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ஆக, வழக்குப் போட்டவர் மற்றவரின் தவறை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். வழக்குக் காலத்தில் போனில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும் தனி வழி. ஆனால் போனைப் பற்றிக் கீழே வருபவை அவர்களுக்கும் பயன்படும்.

கொழும்பில் நடக்கும் வழக்குகளில் கைவிட்டுப் போதல் என்ற காரணம் அடிக்கடி வரும். அதை நிரூபிக்க இரண்டு விஷயங்கள் தேவை: பிரிந்து போனது, அப்படிப் போனபோது திருமணத்தையே முடித்துவிடும் எண்ணம் இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்றும் இல்லை. வீட்டில் இருந்துகொண்டே மற்றவரை வாழமுடியாதபடி விரட்டியவரும் கைவிட்டவராகலாம். எண்ணம் மனதுக்குள் இருப்பது. அதை நிரூபிப்பது முன்பெல்லாம் கடினம். இன்று அந்த எண்ணத்தைத் திகதியோடும் நேரத்தோடும் நாமே எழுதி வைக்கிறோம். அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போன ஒரு பெண், அன்றிரவு "இனி அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன், விட்டது சனி" என்று ஸ்டேட்டஸ் போட்டால், அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் யாரோ ஒருவர் எடுத்த ஸ்கிரீன்ஷொட் மறையாது. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி, "விரட்டப்பட்டேன்" என்ற அவருடைய உண்மையான வாக்குமூலத்துக்கு எதிராக நிற்கும். கணவன் பக்கத்திலும் இதேதான். "மனைவி காரணமில்லாமல் போய்விட்டாள்" என்று வழக்குப் போட்டவர், "போனால் போகட்டும், பூட்டை மாற்றியாச்சு" என்று நண்பர்கள் குரூப்பில் எழுதியிருந்தால் தன் வழக்கைத் தானே பலவீனமாக்கியவர் ஆகிறார்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. மற்றவரின் தவறை அறிந்த பிறகும் மன்னித்து ஏற்றுக்கொண்டீர்களா என்று நீதிமன்றம் பார்க்கும். தவறு தெரிந்து சில மாதங்கள் கழித்து, ஊரார் வாயை மூடுவதற்காகத் திருமண நாள் படத்தையும் வாழ்த்தையும் போட்டவர்கள் பலர். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தப் படத்தைக் காட்டி, மன்னித்து மீண்டும் வாழ்ந்ததாக வாதிடுவார். "நீ வழக்குப் போடு, நான் எதிர்க்க மாட்டேன்" என்ற மாதிரி வட்ஸ்அப் செய்திகளும் ஆபத்தானவை. கணவனும் மனைவியும் கூட்டுச்சேர்ந்து நீதிமன்றத்தை ஏமாற்றுவதாகத் தோன்றினால் வழக்கே தள்ளுபடியாகலாம். இணக்கமாக முடிக்க விரும்பினால் அந்தப் பேச்சு சட்டத்தரணிகள் வழியாக நடக்கட்டும்.

கணக்குகளைப் பாதுகாப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றிச் செய்தால் பயனில்லை. பலர் முதலில் பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். புதிய கடவுச்சொல் கேட்டால் இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சல் மற்றவர் கையில் இருந்தால் மாற்றியது வீண். மின்னஞ்சலுக்கும் மேலே சிம் இருக்கிறது. உங்கள் சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். திருமணமான புதிதில் கணவர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம்மையே பத்து வருடமாகப் பாவிக்கும் பெண்கள் நிறையப் பேர். பதிவு அவர் பெயரில் இருக்கும்வரை, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று சிம் கேட்கும் உரிமையும் அவருக்குத்தான். அது கிடைத்தால் வட்ஸ்அப், வங்கியின் ஓடிபி எல்லாம் அவர் கையில். பெயர்மாற்றத்துக்கு அவர் ஒத்துழைக்க மாட்டார் என்றால், உங்கள் அடையாள அட்டையில் புதிய சிம் எடுத்து, முதலில் வங்கி, பிறகு மின்னஞ்சல், பிறகு மற்றவை என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாம் மாறும்வரை பழைய சிம்மை வேலை செய்யும் நிலையில் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் இலக்கத்தை மாற்றும்போது, நீங்கள் இருக்கும் குரூப்களில் அந்த மாற்றம் எல்லோருக்கும் தெரியும். கணவர் வீட்டாரும் இருக்கும் குரூப்களிலிருந்து முன்பே விலகிவிட்டு மாற்றுவது நல்லது.

அடுத்து மின்னஞ்சல். மற்றவர் தொடாத ஒரு போனிலிருந்து கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், எந்தெந்தச் சாதனங்களில் கணக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். மீட்பு இலக்கம், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதா? கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து, வரும் கடிதங்கள் வேறெங்காவது தானாக அனுப்பப்படுகின்றனவா என்றும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த அனுப்பல் நிற்காது. நாம் பார்த்தவரை அதிகம் பேர் கவனிக்காமல் விடும் இடம் இது. கூகுள் மெப்ஸில் இருப்பிடப் பகிர்வு, கூகுள் போட்டோஸில் துணைவருடன் பகிர்வு, ஐபோன் என்றால் குடும்பப் பகிர்வு, இவையெல்லாம் நல்ல காலத்தில் போட்டு மறந்துபோனவை. போனில் பதிவுசெய்த மற்றவரின் கைரேகையையும் நீக்குங்கள். வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியைத் திறந்தால், போனைத் தவிர நான்கு சாதனங்கள்வரை அங்கே இணைந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டுப் பிறகு வெளியேற்றுங்கள். அதன்பின் ஆறு இலக்க இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

பிள்ளையின் டெப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அம்மாவின் கூகுள் கணக்கில் திறந்த டெப் அப்பாவின் வீட்டில் இருந்தால், அம்மா எடுக்கும் ஒவ்வொரு படமும், சட்டத்தரணிக்கு அனுப்பிய ஆவணத்தின் படம் உட்பட, அங்கே போய் நிற்கும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, டெப்பிலிருந்து உங்கள் கணக்கை வெளியேற்றுங்கள். சட்டத்தரணியோடு எழுதுவதற்கு மட்டும் புதிய மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன ஆலோசனையை அக்காவுக்கோ குரூப்புக்கோ முன்னனுப்ப வேண்டாம். அந்த இரகசியத்துக்கு உள்ள பாதுகாப்பு வெளியே போனவுடன் கேள்விக்குள்ளாகும்.

வீட்டில் அடி உதை, மிரட்டல் இருந்தால் இந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம். எல்லாக் கதவையும் ஒரே நாளில் மூடினால் மற்றவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆத்திரம் அன்றிரவே வெளிப்படலாம். முதலில் போக ஒரு பாதுகாப்பான இடம், பிறகு கடவுச்சொல். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தச் சட்டம் உடல் துன்பத்தோடு மனத்துன்பத்தையும் கணக்கில் எடுக்கிறது. மிரட்டும் செய்திகள் அங்கே உதவும் என்பதால் அழிக்காமல் வைத்திருங்கள்.

அழிப்பது பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் பழைய பதிவுகளை உட்கார்ந்து அழிப்பது இயல்பாக எழும் ஆசை. செய்யாதீர்கள். மற்றவரிடம் பிரதி இருந்தால், பதிவு சொன்னதைவிட அதை நீங்கள் அழித்தது பெரிய விஷயமாகிவிடும். உங்களுக்குச் சாதகமான சான்றும் சேர்ந்தே போய்விடும். மாறாக, பார்ப்பவர் வட்டத்தைச் சுருக்குங்கள். பேஸ்புக் செட்டிங்ஸில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்ற ஒன்று இருக்கிறது. உலகத்துக்கே திறந்திருந்த பழைய பதிவுகளை ஒரே அழுத்தத்தில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கிவிடும். முழுவதுமாக விலக விரும்பினால் முதலில் உங்கள் தகவல்களின் பிரதியைத் தரவிறக்கிவிட்டுக் கணக்கைத் தற்காலிகமாக முடக்குங்கள். நிரந்தரமாக நீக்கக் கேட்டால் 30 நாட்களுக்குப் பிறகு திரும்ப எடுக்க முடியாது. வட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' என்பது ஏறக்குறைய இரண்டு நாட்கள்வரை வேலை செய்யும், ஆனால் "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்ற தடயம் மற்றவர் திரையில் நிற்கும். தானாக மறையும் செய்திகள் என்ற வசதி அந்த உரையாடலில் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு நாளும் உங்கள் சான்று கரைந்துகொண்டிருக்கும்.

சான்று எடுப்பதில் நடக்கும் பிழைகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. கணவரின் இலக்கத்தைப் பட்டப்பெயரில் சேமித்து வைத்திருப்பார்கள். ஸ்கிரீன்ஷொட்டில் அந்தப் பெயர்தான் மேலே இருக்கும், இலக்கம் இருக்காது. யார் அனுப்பியது என்று எப்படி நிரூபிப்பது? தொடர்பு விபரப் பக்கத்தைத் திறந்து இலக்கம் தெரியும்படி தனியே ஒரு படம் எடுங்கள். நீண்ட உரையாடலைப் படமெடுக்கும்போது முந்தைய படத்தின் கடைசி இரண்டு செய்திகள் அடுத்த படத்தின் தொடக்கத்தில் வரட்டும். இடையில் எதையும் வெட்டவில்லை என்பது அதனால்தான் தெரியும். திகதி வரியும் படத்துக்குள் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டு வைத்த படங்களைச் சட்டத்தரணியிடம் கொடுக்காதீர்கள். முழு உரையாடலை 'எக்ஸ்போர்ட் செட்' மூலம் உங்கள் புதிய மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். படங்கள், குரல் பதிவுகளோடு சேர்த்து எடுத்தால் ஏறக்குறைய கடைசி 10,000 செய்திகளும், அவை இல்லாமல் எடுத்தால் 40,000 செய்திகளும் வரும். பேஸ்புக் பதிவு என்றால் ஸ்கிரீன்ஷொட்டோடு அந்தப் பதிவின் இணைப்பையும் ஆளின் பக்க இணைப்பையும் எழுதி வையுங்கள், பெயரையும் படத்தையும் அவர் நாளைக்கே மாற்றலாம். குரல் பதிவை முன்னனுப்பினால் முதலில் அனுப்பியவரும் நேரமும் அந்தப் பிரதியில் இருக்காது. மூலம் இருக்கும் போனை விற்கவோ, புதிதாக அமைக்கவோ, வெள்ளவத்தைக் கடையில் கொடுத்து 'சொஃப்ட்வெயார்' போடவோ வேண்டாம். பழுதானாலும் அலுமாரியில் இருக்கட்டும்.

இதில் நாட்கணக்கும் உண்டு. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, கணினிச் சான்றையும் பதிவுசெய்த குரலையும் முன்வைக்கிறவர் விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் அதன் பட்டியலையும் பிரதியையும் நீதிமன்றத்தில் கொடுத்து, எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அதன்பின் 15 நாட்களுக்குள் மூலத்தைப் பார்க்க எதிர்த்தரப்பு கேட்கலாம். போனைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் மின்செய்திகளைச் சான்றாக ஏற்கிறது. உங்கள் வழக்குக்கு எந்த வழி பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி தீர்மானிக்கட்டும். 45 நாள் கணக்கை மனதில் வைத்து முன்கூட்டியே கொடுத்தால் எந்த வழியிலும் இழப்பில்லை. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வேலை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடப்பதால், தமிழ்ச் செய்திகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டிவரும். ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்த அரைகுறை வசனங்கள் அவருக்கும் சிக்கல். நூறு பக்கம் கொடுத்தால் செலவும் அதற்கேற்ப ஏறும். வழக்குக்குத் தேவையான பகுதியைச் சட்டத்தரணியோடு இருந்து தேர்ந்தெடுங்கள், முழு உரையாடலும் தனியே பத்திரமாக இருக்கட்டும்.

மற்றவரின் போனைத் திறந்து பார்த்து எடுத்த சான்று என்று பெருமையோடு வருகிறவர்களிடம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: அது உங்களைக் குற்றவாளியாக்கலாம். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். ஐந்து வருடம்வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய்வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். கணவன், மனைவி என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை. கடவுச்சொல்லை ஊகித்து நுழைவது, உளவு பார்க்கும் செயலியைப் போடுவது, வட்ஸ்அப் வெப்பை இரகசியமாக இணைப்பது எல்லாம் இதற்குள் வரும். உங்களுக்கு அனுப்பப்பட்ட செய்தி, எல்லோருக்கும் தெரியும்படி போட்ட பதிவு ஆகியவற்றோடு நில்லுங்கள். போலிக் கணக்கு திறந்து நட்புக் கோரிக்கை அனுப்புவதும் வேண்டாம். கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் மற்ற வாக்குமூலங்களின் நம்பகத்தன்மையும் அதோடு போய்விடும்.

நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் விஷயம் கசிவது உறவினர் வழியாகத்தான். டொரொன்டோ சித்தியின் வைபர் குரூப், கோயில் குரூப், பிள்ளையின் வகுப்புப் பெற்றோர் குரூப். நம்மீது பாசம் உள்ளவர்கள் ஆத்திரத்தில் எழுதுவது மற்றவர் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகாது. குரூப்பில் பொதுவாகச் சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் தனியே எழுதுங்கள். "சித்தி, வழக்கு முடியும்வரைக்கும் எங்கட விஷயம் ஒண்டையும் குரூப்பில போடாதேங்கோ. அவரைப் பற்றியும் ஒண்டும் எழுத வேண்டாம். என்ர படத்தில என்னை டேக் பண்ணாதேங்கோ. லோயர் சொன்னவர்." சட்டத்தரணி சொன்னதாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பேஸ்புக்கில் டேக் செய்வதை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி அமைக்கலாம். ஆனால் போட்டவரின் பக்கத்தில் அந்தப் படம் எப்படியும் தெரியும். அதனால்தான் ஆளிடமே நேரில் சொல்ல வேண்டும்.

கணவன் மனைவிக்கு இடையில் செய்தி அனுப்பாமல் இருக்க முடியாது, குறிப்பாகப் பிள்ளை இருந்தால். ஒரே ஒரு வழியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியில் ஒரே விஷயம் இருக்கட்டும். "சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம். மாலை 5 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடவும். இருமல் மருந்து பைக்குள் இருக்கிறது." இவ்வளவு போதும். அவர் பத்து வரியில் திட்டி எழுதினால் பதினோராவது வரியில் உள்ள பிள்ளையின் ரியூஷன் கட்டணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். நீதிபதி முன் இரண்டு பக்கத்தையும் வாசிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதியதைக் காலையில் அனுப்புங்கள்.

பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்பதில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. அப்பாவைக் கேட்டு அழும் பிள்ளையை வீடியோ எடுத்துப் போடுவது, "அம்மா என்ன செய்தாள் சொல்லு" என்று கேட்டுப் பதிவது, எல்லாமே எடுத்தவருக்கு எதிராகத்தான் முடியும். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் அந்த வீடியோவைப் பார்க்கும். பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடைப் படம், வாசல் படம் ஆகியவற்றையும் வழக்கு முடியும்வரை தவிருங்கள்.

பணம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் (வாழ்க்கைச் செலவுப் பணம்) சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகையைத் தீர்மானிக்கும். வேலையில்லை என்று சத்தியக்கடதாசி கொடுத்தவரின் பக்கத்தில் புதிய வாகனத்துக்கு மாலை போட்ட படம் இருக்கக்கூடாது. வருமானமே இல்லை என்று கேட்டவரின் கேக் வியாபாரப் பக்கத்தில் வாரம் முப்பது ஓடர் தெரியக்கூடாது. இரண்டுக்கும் ஒரே தீர்வு, உள்ள வருமானத்தை உள்ளபடி சட்டத்தரணியிடம் சொல்வது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, கட்டில், நகை எதையும் இக்மன் விற்பனைத் தளத்தில் போடாதீர்கள். யாருடையது என்பதே வழக்காக இருக்கும்போது, விளம்பரமும் திகதியும் உங்களுக்கு எதிராக நிற்கும்.

புதிய உறவு இருந்தால் அதை எங்கேயும் காட்டாதீர்கள், நண்பரின் பிறந்தநாள் படத்தின் ஓரத்தில்கூட. பிறரோடு உறவு என்ற காரணத்தில் அந்த மூன்றாவது ஆளும் இணை எதிராளியாகச் சேர்க்கப்படலாம், நட்டஈடும் கேட்கப்படலாம். பிறரோடு தகாத உறவில் வாழும் துணைவருக்குத் தாபரிப்புக் கிடையாது என்று தாபரிப்புச் சட்டமே சொல்கிறது. மறுபக்கம், கணவரோடு பழகும் பெண்ணின் பெயரையும் படத்தையும் போட்டுத் திட்டித் தீர்ப்பவர் அவதூறு வழக்கை அழைக்கிறார். அவதூறு 2002இல் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்கு அப்படியே இருக்கிறது. ஒருவரின் தனிப்பட்ட விபரங்களைப் போட்டுத் தொல்லை கொடுப்பதை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் குற்றமாக்கியிருக்கிறது.

அவரே உங்களைப் பற்றி அவதூறாக எழுதினால்? பதில் எழுதாதீர்கள். முதலில் மேலே சொன்னபடி சான்றை எடுங்கள், அதன்பிறகே பேஸ்புக்கிடம் முறையிடுங்கள். நீக்கப்பட்டபின் எடுக்க எதுவும் இருக்காது. அந்தரங்கப் படத்தைப் போடுவேன் என்று மிரட்டினால் பணமும் கொடுக்காதீர்கள், வழக்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்திலோ கணினிக் குற்றப் பிரிவிலோ முறையிடலாம். இணையத் தொல்லைகளுக்கு உதவும் ஹிதவதி, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் ஆகியவையும் வழிகாட்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டொப் என்சிஐஐ (StopNCII) தளத்தில் பதிந்தால், படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாமல் அதன் இலக்கக் குறியீடு மட்டும் எடுக்கப்பட்டு, இணைந்துள்ள தளங்களில் அந்தப் படம் ஏறுவது தடுக்கப்படும்.

தீர்ப்பு வந்த அன்று பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் கிடைப்பது டிக்ரி நைசை என்ற இடைக்காலத் தீர்ப்பு. அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழிந்தே டிக்ரி அப்சலூட் என்ற இறுதித் தீர்ப்பு. அதுவரை நீங்கள் சட்டப்படி திருமணமானவர்தான், மறுமணம் செல்லாது, செய்தால் இருமணக் குற்றம். கூட்டுச்சேர்ந்து பெற்ற தீர்ப்பு, முக்கிய விஷயங்கள் மறைக்கப்பட்டன என்று அந்த மூன்று மாதத்துக்குள் யாரும் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். "சுதந்திரம்" என்ற வாசகத்தோடு புதிய ஆளுடன் எடுத்த படத்தை அந்தக் காலத்தில் போடுவது அந்த ஆட்சேபனைக்கு நீங்களே சான்று கொடுப்பது.

அப்சலூட் கையில் வந்த பிறகு பேஸ்புக்கில் உறவு நிலையை மாற்றலாம். முதலில் அதை 'ஒன்லி மீ' (நீங்கள் மட்டும் பார்ப்பது) ஆக்கிவிட்டு மாற்றினால் யாருக்கும் அறிவிப்புப் போகாது. 'மெமரீஸ்' செட்டிங்ஸில் அந்த ஆளையும் திருமண நாளையும் மறைக்கலாம், ஒவ்வொரு வருடமும் எதிர்பாராமல் வந்து நிற்காது. சேகரித்த சான்றுகளையும் பழைய போனையும் மட்டும் அப்போதும் வீசாதீர்கள். தாபரிப்புத் தொகையையும் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தையும் மாற்றச் சொல்லிப் பின்னாளிலும் விண்ணப்பிக்கலாம், கடைசிப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரையாவது அவை இருக்கட்டும்.